பாறு, நாய், குப்பைமேடு: தில்லியில் ரேபிஸின் சூழலியல்

1. கேள்வி

ரேபிஸ் வைரஸ் மனிதரிடம் தங்கி வாழ்வதில்லை. இந்தியாவில் அதன் இருப்பிடம் நாய். வெறிபிடித்த நாயின் எச்சில் வழியாகக் காயத்துக்குள் இறங்கும் வைரஸ், நரம்பைப் பற்றிக்கொண்டு மெல்ல மூளைக்கு ஏறுகிறது. இதற்குப் பெரும்பாலும் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகும். கடிபட்ட உடனே காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, தாமதமின்றித் தடுப்பூசியும், காயத்தின் தன்மையைப் பொறுத்து இம்யூனோகுளோபுலினும் கொடுத்தால் உயிரைக் காப்பாற்றிவிடலாம். தண்ணீரைக் கண்டாலே தொண்டை இறுகும் கட்டம் வந்துவிட்டால் மருத்துவத்தால் செய்யக்கூடியது அநேகமாக ஒன்றுமில்லை. இவ்வளவு எளிதாகத் தடுக்கக்கூடிய ஒரு நோயில் இறப்பவர்களில் கணிசமானோர் பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். இந்த நோயைப் பற்றிய எந்த ஆய்வும் மறக்கக்கூடாத செய்தி இது.

தில்லியில் குழந்தைகள் தெருநாய்க்கடிக்கு ஆளாவது குறித்த நாளிதழ்ச் செய்தி ஒன்றை 2025 ஜூலை 28 அன்று உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்காக எடுத்துக்கொண்டது. அதைத் தொடர்ந்த விவாதம் பெரும்பாலும் தெருக்களில் எத்தனை நாய்கள் இருக்கலாம் என்பதைச் சுற்றியே நடந்தது. இக்கட்டுரை இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக எடுத்துக்கொள்கிறது. தில்லியில் வைரஸ் நிலைத்திருப்பதற்கு நாய்களின் பெருக்கம் எந்த அளவுக்குக் காரணம்? அந்தப் பெருக்கத்துக்கு, மனிதர்கள் கால்நடைகளையும் செத்த உடல்களையும் கழிவையும் கையாண்ட விதம் எந்த அளவுக்குக் காரணம்?

விலங்குகளை மனிதர் நடத்தும் விதத்துக்கும் வைரஸ் நோய்களுக்கும் உள்ள உறவு பெரும்பாலும் காட்டின் விளிம்பில் வைத்தே பேசப்பட்டிருக்கிறது. 1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்தில் குரங்குகள் செத்து விழுந்தபோது தெரியவந்த கியாசனூர் காட்டு நோய் ஓர் எடுத்துக்காட்டு. 1998–99இல் மலேசியாவில் பழவௌவாலிடமிருந்து பன்றிப் பண்ணைகளுக்கும், பன்றிகளிடமிருந்து பண்ணையாட்களுக்கும் வந்த நிபா இன்னொன்று. 1940க்கும் 2004க்கும் இடையே தோன்றிய 335 புதிய தொற்றுநிகழ்வுகளை ஆராய்ந்த கேட் ஜோன்ஸ் குழுவினர், அவற்றில் ஏறத்தாழ அறுபது சதவீதம் விலங்குகளிடமிருந்து வந்தவை என்று 2008இல் எழுதினர். ரேபிஸ் புதிய நோயன்று, காட்டிலிருந்து வந்து சேர்ந்ததுமன்று. ஆகவே இத்தகைய பட்டியல்களில் அது முன்வரிசைக்கு வருவதில்லை. நகரத்தின் நடுவிலேயே, தினசரிப் பழக்கங்களின் பலத்தில் ஒரு வைரஸ் எப்படி வேரூன்றுகிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்றைத் தேடுவது கடினம்.

2. கையிலிருக்கும் எண்கள்

இந்தியாவில் ஆண்டுக்கு 20,000 பேர் ரேபிஸால் இறக்கிறார்கள் என்ற எண் இருபது ஆண்டுகளாகப் புழங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவில் 2003இல் நடந்த கணக்கெடுப்பு அதற்கு அடிப்படை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2022–23இல் 15 மாநிலங்களின் 60 மாவட்டங்களில் நடத்திய ஆய்வு 5,726 என்ற எண்ணுக்கு வந்தது. ஆண்டுக்கு 91 லட்சம் விலங்குக் கடிகள், அவற்றில் நான்கில் மூன்றுக்கும் மேல் நாய்க்கடிகள் என்றும் அது மதிப்பிட்டது. இரண்டு ஆய்வுகளின் முறைகளும் வேறு. ஆகவே இரண்டையும் கழித்து ‘இவ்வளவு குறைந்தது’ என்று சொல்வது சரியாகாது. ஆனாலும் இறப்பு குறைந்திருப்பதை நம்பக் காரணம் உண்டு. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி என்று தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே அஞ்சிய, ஆட்டு மூளைத் திசுவிலிருந்து தயாரித்த பழைய செம்பிள் தடுப்பூசி 2005 வாக்கில் கைவிடப்பட்டது. அதனிடத்தில் உயிரணு வளர்ப்பில் தயாரான ஊசி அரசு மருத்துவமனைகளுக்கு வந்தது. அதாவது, கடிபட்ட மனிதரைக் காப்பாற்றுவதில் நாடு முன்னேறியிருக்கிறது. நாயிடம் வைரஸ் அப்படியே இருக்கிறது.

தில்லிக்கு மட்டும் தனியாக இறப்புக் கணக்குச் சொல்வதில் ஒரு சிக்கல் உண்டு. கிங்ஸ்வே கேம்ப்பில் உள்ள மகரிஷி வால்மீகி தொற்றுநோய் மருத்துவமனைக்கு மேற்கு உத்தரப் பிரதேசத்திலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் ரேபிஸ் நோயாளிகள் கொண்டுவரப்படுகிறார்கள். மரணம் தில்லியில் பதிவாகிறது, கடி வேறெங்கோ நேர்ந்திருக்கிறது.

நாய்களின் எண்ணிக்கை இதைவிடக் குழப்பமானது. 2009இல் மாநகராட்சி எடுத்த கணக்கு 5.6 லட்சம். தேசியக் கால்நடைக் கணக்கெடுப்போ தில்லியின் தெருநாய்களை 2012இல் ஏறத்தாழ 60,000 என்றும் 2019இல் ஏறத்தாழ 55,000 என்றும் சொல்கிறது. ஒரே நகரத்துக்குப் பத்து மடங்கு வேறுபடும் இரண்டு அரசுக் கணக்குகள். மாநகராட்சி ஓர் ஆண்டில் ஐம்பதாயிரம் நாய்களுக்கு ஊசி போட்டதாக வைத்துக்கொண்டால், ஒரு கணக்கின்படி வேலை ஏறக்குறைய முடிந்துவிட்டது. மற்றதன்படி பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. தில்லியின் ரேபிஸ் பற்றிய எந்த வாதத்தையும் இந்த ஓட்டையை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

3. பாறுகள் இருந்த நகரம்

நாய்களின் பெருக்கத்தை விளங்கிக்கொள்ள, செத்த உடல்களைத் தின்று தீர்த்த பாறுகளிடமிருந்து, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளிடமிருந்து, தொடங்க வேண்டும். சோவியத் பறவையியலாளர் கலூஷின் 1960களின் பிற்பகுதியில் தில்லியின் இரைகொல்லிப் பறவைகளைக் கணக்கெடுத்து 1971இல் வெளியிட்டார். பெருநகரம் ஒன்றில் அத்தனை கரும்பருந்துகளும் பாறுகளும் கூடு கட்டியிருந்தது அப்போது வியப்பாகப் பார்க்கப்பட்டது. வெண்முதுகுப் பாறுகள் மட்டும் சுமார் 400 இணைகள் இருந்தன. சாலையோர மரங்களில் கூடு, ஊர்ப்புறத்தில் செத்த மாட்டைப் போடும் திடலில் இரை என்று அவற்றின் வாழ்க்கை முழுக்க நகரத்தைச் சார்ந்திருந்தது.

அந்தத் திடலில் நடந்த வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். மாடு செத்தால் தோல் உரிப்பவர்கள் வந்து தோலை எடுப்பார்கள். அவர்கள் விலகியதும் பாறுகள் இறங்கும். பெரிய கூட்டமாக இருந்தால் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பு மட்டும் மிஞ்சும். எலும்பைப் பொறுக்கி விற்பவர்கள் அடுத்து வருவார்கள். பாறின் வயிற்று அமிலம் கடுமையானது, அழுகிய இறைச்சியின் கிருமிகளில் பெரும்பாலானவை அங்கே அழிந்துபோகும். நாய்க்குக் கிடைத்தது மிச்சம் மட்டுமே. யாரும் சம்பளம் கொடுக்காமல், எந்தத் துறையும் திட்டமிடாமல் நடந்த துப்புரவு இது.

1990களின் நடுவில் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரணி மலிவு விலையில் கால்நடை மருத்துவத்துக்குள் வந்தது. மடி வீங்கிய பசுவுக்கும் கால் நொண்டிய காளைக்கும் போடும் ஊசி. வலியைத் தணிக்கக் கொடுத்த மருந்து. மாடு சில நாள்களில் செத்துவிட்டால் மருந்தின் மிச்சம் உடலில் இருக்கும். அதைத் தின்ற பாறுக்குச் சிறுநீரகம் செயலிழந்து, உள்ளுறுப்புகளின்மேல் யூரிக் அமிலம் வெள்ளையாகப் படியும். ராஜஸ்தானின் பரத்பூரில் பாறுகள் குறைவதைப் பறவையியலாளர் விபு பிரகாஷ் கவனித்து எச்சரித்தார். காரணத்தை 2004இல் பாகிஸ்தானில் ஆய்வு செய்த லிண்ட்சே ஓக்ஸ் குழுவினர் உறுதிசெய்தனர். நூறு மாட்டுடல்களில் ஒன்றுக்கும் குறைவானதில் கொல்லும் அளவு மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சி நேரும் என்று பிற ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறு ஆயிரத்தில் ஒன்றாகச் சுருங்கியது. தில்லியில் அது கூடு கட்டும் பறவையாக இல்லாமல் போனது. கரும்பருந்துகள் இன்றும் ஏராளம். ஆனால் முழு மாட்டுடலைக் கிழித்துத் தீர்க்க அவற்றால் முடியாது.

கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் கொடுப்பதை இந்திய அரசு 2006இல் தடைசெய்தது. மனிதருக்கான பெரிய புட்டிகளை வாங்கி மாட்டுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்ததால் 2015இல் புட்டியின் அளவு 3 மில்லிலிட்டராகக் குறைக்கப்பட்டது. பாறுகளுக்கு நஞ்சான கீட்டோப்ரோஃபெனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023இல்தான் தடைபட்டன. பாதுகாப்பான மாற்று மருந்தான மெலாக்சிகாம் கைவசம் இருந்தும் இந்த இடைவெளி பதினேழு ஆண்டு. ஆண்டுக்கு ஒரே முட்டையிடும் பறவைக்கு இது பொறுக்க முடியாத தாமதம்.

4. இரண்டு கணிப்புகள்

பாறு மறைந்ததற்கும் மனிதர் இறந்ததற்கும் உள்ள தொடர்பை எண்ணில் சொல்ல இரண்டு முக்கியமான முயற்சிகள் நடந்துள்ளன. அனில் மார்க்கண்டேயா குழுவினர் 2008இல், 1992–2006 காலத்தில் பாறுகள் விட்டுச்சென்ற இரையால் இந்தியாவில் நாய்கள் குறைந்தது 55 லட்சம் கூடின என்றும், அதனால் 3.85 கோடிக் கடிகளும் 47,000க்கு மேற்பட்ட ரேபிஸ் மரணங்களும் கூடுதலாக நேர்ந்தன என்றும் கணித்தனர். எயால் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் 2024இல் வேறு வழியில் போனார்கள். பாறுகள் இயல்பாக வாழ்ந்த மாவட்டங்களையும் அவை வாழாத மாவட்டங்களையும், மலிவு டைக்ளோஃபெனாக் வருவதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டார்கள். முதல்வகை மாவட்டங்களில் எல்லாக் காரணங்களாலும் நேரும் இறப்பு விகிதம் நான்கு சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை ஏறத்தாழ ஐந்து லட்சம் கூடுதல் மரணங்கள் என்பது அவர்கள் முடிவு.

இரண்டு எண்களும் ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றினாலும் அவை அளப்பது வெவ்வேறு. முதலாவது ரேபிஸை மட்டும் கணக்கிடுகிறது. இரண்டாவது எல்லா மரணங்களையும் எடுத்துக்கொள்கிறது: அழுகிய உடல்கள் கலந்த ஆற்றுநீர், அதன் வழியாகப் பரவும் நோய்கள், நாய், எலி எல்லாம் அதில் அடக்கம். ரேபிஸ் தடுப்பூசி விற்பனை கூடியதையும் நீரின் தரம் கெட்டதையும் அவர்கள் துணைச் சான்றுகளாகக் காட்டுகிறார்கள். முதல் கணிப்பின் பலவீனம் நாய்க் கணக்கெடுப்பிலேயே இருக்கிறது. தில்லியின் எண்களைப் பார்த்தவர்களுக்கு அது புரியும். இரண்டாவது, மாவட்டங்களின் ஒப்பீட்டில் நிற்பதால் அந்தக் குறையை ஓரளவு தாண்டுகிறது. ஆனால் அந்த ஐந்து லட்சத்தில் ரேபிஸின் பங்கு எவ்வளவு என்று அதைக்கொண்டு பிரித்துச் சொல்ல முடியாது. ஊடகங்கள் ஐந்து லட்சத்தையும் வெறிநாய்க் கணக்கில் எழுதினால் அது தவறு.

5. எண்ணிக்கையா, நோயெதிர்ப்பா

மேலே சொன்ன வாதத்துக்கு எதிராக வலுவான ஒரு சான்று ரேபிஸ் ஆய்விலேயே இருக்கிறது. வெறிபிடித்த ஒரு நாய், சாவதற்குள் சராசரியாக எத்தனை நாய்களுக்கு நோயைத் தொற்றவைக்கிறது என்று கேட்டி ஹாம்ப்சன் குழுவினர் தான்சானியாவின் செரெங்கெட்டி பகுதியில் தடம் தடமாகத் தேடிக் கணக்கிட்டு 2009இல் வெளியிட்டனர். விடை ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் இருந்தது. உலகின் வேறு பல இடங்களில் நடந்த பழைய பரவல்களின் பதிவுகளும் இரண்டைத் தாண்டவில்லை. நாய்கள் நெருக்கமாக இருந்த ஊர், அரிதாக இருந்த ஊர் என்ற பெரிய வேறுபாடு தெரியவில்லை. வெறிநாய் சில நாள்களில் செத்துவிடுகிறது. அதற்குள் அது கடிக்கும் நாய்கள் மிகச் சில.

அப்படியானால் நாய்கள் பெருகினால் ரேபிஸ் பெருகும் என்ற கூற்று என்னாகிறது? பரவும் வேகம் எண்ணிக்கையைச் சாராமலிருந்தாலும், அதே விகிதத்தில் நோயுறும் நாய்கள் இரட்டிப்பான கூட்டத்தில் இரட்டிப்பாகவே இருக்கும். மனிதருக்குக் கிடைக்கும் கடிகளும் அவ்வாறே கூடும். எனவே பாறின் மறைவு மரணங்களைப் பெருக்கியிருக்கலாம். வைரஸ் நிலைப்பதற்கு அது அடிப்படைக் காரணமாகாது. பாறுகள் நிறைந்திருந்த காலத்திலும் தில்லியில் ரேபிஸ் இருந்தது. நாய்களைக் குறைப்பதால் மட்டும் வைரஸ் அறுபடாது என்பதும் இதிலிருந்தே வருகிறது.

பரவலை அறுப்பது நோயெதிர்ப்புள்ள நாய்களின் விகிதம். ஒரு நாய் சராசரியாக இரண்டுக்கும் குறைவாகவே கடத்துவதால், பாதிக்கு மேற்பட்டவை ஊசி பெற்றிருந்தால் சங்கிலி அறும். ஆனால் தெருநாயின் ஆயுள் குறைவு; ஊசி போட்டவை சாகின்றன, போடாத குட்டிகள் பிறக்கின்றன, விகிதம் மாதாமாதம் சரிகிறது. அடுத்த சுற்றுவரை தாக்குப்பிடிக்க ஆண்டுதோறும் 70 சதவீதம் வேண்டும் என்பது 1990களிலிருந்து ஏற்கப்பட்ட அளவுகோல். கொல்வது இந்தச் சரிவை விரைவுபடுத்துகிறது. 1997இல் ரேபிஸ் நுழைந்த இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் ஏறக்குறையப் பாதி நாய்களைக் கொன்றும் நோய் போகவில்லை. பாலித் தீவில் கொலையை நம்பியிருந்தவரை பரவிய நோய், 2010இல் தீவு முழுக்கத் தடுப்பூசி தொடங்கிய பிறகே தணிந்தது. இலங்கையில் 1973இல் 377 பேர் இறந்தனர். நாய்களுக்கும் மனிதருக்கும் தடுப்பூசியைத் தொடர்ந்து நடத்தியதால் 2010களில் இறப்பு ஆண்டுக்கு ஐம்பதுக்கும் கீழே இறங்கியது.

6. பிடிப்பது, அடைப்பது, விடுவது

இந்த அளவுகோலை வைத்து தில்லியின் கொள்கைகளை எடைபோடலாம். இந்திய நகராட்சிகள் நீண்டகாலம் நாய்களைப் பிடித்துக் கொன்றன. சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பின் விடாமுயற்சியால் 1990களின் நடுவில் அதனிடத்தைக் கருத்தடை பிடித்தது. 2001ஆம் ஆண்டு மத்திய அரசின் விதிகள் அதையே நாடு முழுவதற்குமான முறையாக்கின, 2023 விதிகள் அதைப் புதுப்பித்தன. நாயை வலையில் பிடித்து, அறுவை செய்து, ரேபிஸ் ஊசி போட்டு, காது மடலில் சிறு வெட்டு அடையாளமிட்டு, பிடித்த இடத்திலேயே விடுவது அந்த முறை.

அதன் குறை அந்தக் காது வெட்டில் தெரிகிறது. வெட்டு, நாய்க்குக் கருத்தடை ஆனதைச் சொல்லும். நான்கு ஆண்டுகளுக்கு முன் போட்ட ஊசியின் பலன் இன்னும் இருக்கிறதா என்பதைச் சொல்லாது. அடையாளமுள்ள நாயை வண்டிக்காரர்கள் மறுபடி பிடிப்பதில்லை. அறுவை செய்த எண்ணிக்கையை முதன்மை இலக்காக வைத்து, ஆண்டு ஊசியைத் துணைவேலையாக வைத்த திட்டம் குட்டிகளைக் குறைக்கலாம், வைரஸை விரட்டாது.

2025 ஆகஸ்ட் 11 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, ஆர். மகாதேவன் அமர்வு, தில்லி வட்டாரத்தின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்கவும், திரும்ப விடாமலிருக்கவும் ஆணையிட்டது. ஆறு முதல் எட்டு வாரங்களுக்குள் 5,000 நாய்களுக்கான இடத்தோடு தொடங்க வேண்டும் என்றது. ஆகக் குறைந்த அரசுக் கணக்கை வைத்துப் பார்த்தாலும் அது நகரத்தின் நாய்களில் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. முதலில் அகப்படுபவை மனிதரோடு பழகிய, ஏற்கெனவே ஊசி போட்ட நாய்களாகவே இருக்கும். ஒதுங்கி வாழும் ஊசி போடாதவை தெருவிலேயே நிற்கும். ஆகஸ்ட் 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு இதை மாற்றி, ரேபிஸ் உள்ளவை, ரேபிஸ் சந்தேகமுள்ளவை, மூர்க்கமானவை நீங்கலாக மற்றவற்றைக் கருத்தடையும் ஊசியும் முடித்து அதே இடத்தில் விடச் சொன்னது. உணவு வைப்பதற்கு வார்டுதோறும் தனி இடம் ஒதுக்கவும் சொன்னது. நவம்பர் 7 ஆணை, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற வளாகங்களில் பிடித்தவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றது. குழந்தைகள் கூடும் இடத்தைக் காக்கும் நோக்கத்தில் நியாயம் உண்டு. அந்த வளாகங்களில் இரவுதோறும் உணவுக்கழிவு திறந்து கிடக்குமானால், காலியான இடத்துக்குப் புதிய நாய் வரும். அதற்கு ஊசி போட்டிருக்காது.

உணவு வைப்பவர்கள் இந்த விவாதத்தில் வசைக்கு ஆளானார்கள். நோய்த்தடுப்பின் கண்ணில் அவர்களுக்கு வேறொரு மதிப்பு உண்டு: தெருநாயை வலையில்லாமல் கையால் பிடித்து ஊசிக்கு நிறுத்தக்கூடியவர்கள் அவர்கள்தான்.

7. காஜிப்பூர்: இன்னொரு வைரஸ்

கிழக்கு தில்லியின் காஜிப்பூரில் 1984இல் தொடங்கிய குப்பைமேடு 2002இலேயே நிரம்பிவிட்டது, கொட்டுவது நிற்கவில்லை. அதன் அருகிலேயே மொத்தக் கோழிச்சந்தை, மீன்சந்தை, ஈத்கா பகுதியிலிருந்து நீதிமன்ற ஆணைகளுக்குப் பின் இடம்பெயர்ந்த இறைச்சிக் கூடம், பால்பண்ணைக் குடியிருப்பு எல்லாம் இருக்கின்றன. நகரத்தின் உணவும் கழிவும் சந்திக்கும் இடம் இது. நாயும் பருந்தும் காகமும் மாடும் ஒரே குவியலில் மேய்கின்றன. நகரம் தன் விலங்குகளை நடத்தும் விதம் இங்கே ஒரே பார்வையில் தெரியும்.

ரேபிஸுக்கு நெருக்கம் அவ்வளவு பொருட்டில்லை. பறவைக் காய்ச்சலுக்கு அதுவே எல்லாம். 1996இல் சீனாவின் குவாங்தோங் மாகாணத்தில் ஒரு வாத்துப் பண்ணையில் அடையாளம் காணப்பட்ட எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸின் வழித்தோன்றல்கள், 1997இல் ஹாங்காங்கின் உயிர்க்கோழிச் சந்தைகள் வழியாக 18 பேரைத் தொற்றி அறுவரைக் கொன்றன. சந்தைகளுக்கு ஓய்வுநாள் விட்டுக் கழுவுவதும், இரவில் உயிர்ப்பறவைகளை வைத்திருக்கத் தடைவிதிப்பதும் தொற்றைக் குறைத்ததை அந்நகரம் பின்னர் காட்டியது. தில்லியில் 2021 ஜனவரியில் மயூர் விஹார் பூங்காவில் காகங்களும், காஜிப்பூருக்கு அருகிலுள்ள சஞ்சய் ஏரியில் வாத்துகளும் செத்தன. போபால் ஆய்வகம் பறவைக் காய்ச்சலை உறுதிசெய்தது. காஜிப்பூர்ச் சந்தை மூடப்பட்டது. அங்கே எடுத்த நூறு மாதிரிகளில் வைரஸ் இல்லாததால் சில நாள்களில் திறக்கப்பட்டது. அந்த முறை சந்தை மூலமல்ல என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஏரிக்கும் சந்தைக்கும் இடையே காகமும் பருந்தும் தினமும் பறக்கும்வரை அடுத்த முறையும் அப்படியே அமையும் என்பதற்கு உறுதியில்லை. அதே ஆண்டு ஜூலையில் ஹரியானாவைச் சேர்ந்த சிறுவன் ஒருவன் தில்லி எய்ம்ஸில் எச்5என்1 தொற்றால் இறந்தான். இந்தியாவில் பதிவான முதல் மரணம் அது.

8. கோவாவும் தில்லியும்

கோவாவில் மிஷன் ரேபிஸ் அமைப்பும் மாநில அரசும் சேர்ந்து ஆண்டுக்கு 95,000 அளவில் நாய்களுக்கு ஊசி போட்டன. தெருத்தெருவாகக் குழுக்கள் போயின. ஊசி போட்ட நாயின்மேல் வண்ணக் குறி, கைப்பேசிச் செயலியில் இடப்பதிவு, அடுத்த நாள் குறியுள்ளவை எத்தனை, இல்லாதவை எத்தனை என்று எண்ணிப் பார்த்து விகிதக் கணிப்பு என்பது அவர்கள் முறை. 70 சதவீதம் எட்டாத தெருவுக்குத் திரும்பிப் போனார்கள். பள்ளிகளில் கடி பற்றிய பாடமும், சந்தேக நாய்களைச் சோதிக்கும் கண்காணிப்பும் கூடவே நடந்தன. நாய்களில் ரேபிஸ் 92 சதவீதம் குறைந்தது, 2018லும் 2019லும் மனித மரணம் இல்லை என்று 2022இல் வெளியான ஆய்வு கூறுகிறது. ஊசியின் விகிதத்தை அறிய நாய்களின் மொத்த எண்ணிக்கை தேவைப்படவில்லை என்பது தில்லிக்கு முக்கியம். குறியுள்ளவற்றையும் இல்லாதவற்றையும் எண்ணினால் விகிதம் தெரிந்துவிடும். ஐந்தரை லட்சமா ஐம்பத்தைந்தாயிரமா என்ற வழக்கு முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

கோவாவின் அனுபவத்தை அப்படியே தில்லிக்குக் கொண்டுவர முடியாது. கோவாவுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலைத்தொடர். தில்லியின் தெருக்கள் நொய்டாவிலும் காஜியாபாத்திலும் குருகிராமிலும் ஃபரிதாபாதிலும் தடையின்றித் தொடர்கின்றன. நாய்க்கு மாநில எல்லை கிடையாது. ஊசித் திட்டத்துக்கு உண்டு. நாய்வழி ரேபிஸை 2030க்குள் ஒழிப்பதாக 2021 செப்டம்பரில் அறிவித்த தேசியச் செயல்திட்டம் பொறுப்பை மாநிலங்களிடம் விட்டிருக்கிறது. மூன்று மாநிலங்களின் மாநகராட்சிகள் ஒரே பருவத்தில், ஒரே வண்ணக் குறியோடு ஊசி போடாதவரை, தில்லியின் ஒரு வார்டில் பாடுபட்டு எட்டிய 70 சதவீதம் அடுத்த ஆண்டுவரை நிற்காது.